பெங்களூரில் பொது மருத்துவ எலெக்டிவ்: தமிழ்நாட்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு

ஃபைனல் இயர் பார்ட் ஒன் தேர்வு முடிந்ததும் எலெக்டிவ், அதாவது மாணவரே துறையைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் பயிற்சி, வரும். சொந்தக் கல்லூரியிலேயே முடித்துக்கொள்வது சுலபம். ஆனால் வேறு ஊர் வார்டு, வேறு மொழி நோயாளி, வேறு மாதிரி ரவுண்ட்ஸ் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பெங்களூரு வசதியான இடம். ஒரு ராத்திரிப் பயணத்தில் போய்விடலாம், ஊருக்குள் தமிழ் பேசியே பாதி வேலை நடந்துவிடும். சிக்கலெல்லாம் காகிதத்தில்தான். எந்தக் காகிதம், யார் கையெழுத்து, எத்தனை நாளுக்கு முன்னால் என்பது தெரியாமல் போனால் கையிலிருக்கும் 15 நாளில் நாலைந்து நாள் ஆபீஸ் வாசலிலேயே கழிந்துவிடும்.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று. தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதிமுறைப்படி உங்கள் படிப்பும் பயிற்சியும் இன்டர்ன்ஷிப்பும் பட்டம் தரும் அதே வெளிநாட்டு நிறுவனத்தில் முடிந்திருக்க வேண்டும். லீவில் ஊருக்கு வரும்போது பெங்களூரில் வார்டு பார்ப்பது அனுபவத்துக்கு நல்லது, கணக்கில் சேராது. "இங்கே செய்தால் அங்கே கழித்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜென்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

1. சொந்தக் கல்லூரியின் சம்மதம்

2019 பாடத்திட்டத்தில் எலெக்டிவ் இரண்டு மாதம் இருந்தது. 2023 மாற்றத்துக்குப் பிறகு ஒரு மாதம்: 15 நாள் வீதம் இரண்டு பிளாக். முதல் பிளாக் ப்ரீ-கிளினிக்கல், பாரா-கிளினிக்கல் துறைகளிலோ (உடற்கூறியல், நோயியல் போன்றவை) ஆராய்ச்சியிலோ. இரண்டாவதுதான் கிளினிக்கல், நோயாளிகளைப் பார்க்கும் துறை. பொது மருத்துவத்துக்குக் கிடைப்பது அந்த 15 நாள் மட்டுமே. சீனியர்கள் சொல்லும் "நாலு வாரம்" பழைய கணக்கு.

கிளினிக்கல் எலெக்டிவ் எதுவாக இருந்தாலும் உங்கள் கல்லூரி தயாரித்த பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும் என்பதுதான் விதியின் போக்கு. வெளி மருத்துவமனை அந்தப் பட்டியலில் இல்லையென்றால், சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) தலையாட்டியதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவக் கல்வி யூனிட்டும் டீன் அலுவலகமும் சேர்ந்துதான் முடிவெடுக்கும். சில கல்லூரிகள் வெளியே விடுவதே இல்லை. அப்படியென்றால் அதை ஐந்து மாதத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. வெளி நிறுவனத்தில் செய்யும் எலெக்டிவுக்கு அங்கே உள்ள பேராசிரியரின் கையெழுத்தை ஏற்பார்களா? மருத்துவக் கல்லூரி இல்லாத தனியார் மருத்துவமனை செல்லுமா? வருகைப்பதிவை யார், எந்தப் படிவத்தில் அனுப்ப வேண்டும்? மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். எலெக்டிவில் 75 சதவீத வருகையும் லாக்புக்கும் (பயிற்சிப் பதிவேடு) இல்லாவிட்டால் ஃபைனல் தேர்வுக்கு உட்கார முடியாது. வழக்கமான வார்டுப் போஸ்டிங்கில் குறைந்த வருகையை எலெக்டிவ் நாட்களை வைத்து ஈடுகட்டவும் விடமாட்டார்கள்.

இன்டர்ன்ஷிப்பில் வரும் நாலு வார எலெக்டிவ் தனிக் கதை. அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பொது மருத்துவம் ஆறு வாரக் கட்டாயப் போஸ்டிங்.

2. எத்தனை மாதத்துக்கு முன்னால்

ஆறு மாதம். காரணம் தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் பி ஊசி 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணை. முதலாமாண்டில் இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதை மறந்தவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் இருப்பார்கள். விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, மூன்றாவதைப் போட்டால் போதும். ஆனால் ஆன்டி-எச்.பி.எஸ். அளவு (ஊசியால் ரத்தத்தில் உண்டான எதிர்ப்புப் பொருள்) பார்க்க அதற்கப்புறம் ஒன்றிரண்டு மாதம் ஆக வேண்டும். 10 mIU/mL அல்லது அதற்கு மேல் வந்தால்தான் பாதுகாப்பு இருப்பதாகக் கணக்கு. பல இடங்களில் இந்த ரிப்போர்ட்டைக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய எண் அது.

நாலு மாதம் இருக்கும்போது சொந்தக் கல்லூரி அனுமதி, மூன்று மாதம் இருக்கும்போது பெங்களூருக்குக் கடிதம், ஒரு மாதம் இருக்கும்போது பணமும் தங்குமிடமும்.

தேதி குறிக்கும் முன் அங்குள்ள காலண்டரைப் பாருங்கள். தசரா வாரம், நவம்பர் 1 ராஜ்யோத்சவா, பி.ஜி. (முதுநிலை மருத்துவ மாணவர்) தேர்வு நடக்கும் நாட்கள், இன்ஸ்பெக்‌ஷன் வாரம் ஆகியவற்றில் ரவுண்ட்ஸ் இருக்கும், சொல்லித்தர ஆள் இருக்காது. காய்ச்சல் கேஸ் நிறையப் பார்க்க வேண்டுமென்றால் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை. உங்கள் பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணை இதற்கு இடம் கொடுத்தால் அதிர்ஷ்டம்.

3. பெயரைப் பார்க்காமல் யூனிட்டைப் பாருங்கள்

நிம்ஹான்ஸ், ஜெயதேவா, கித்வாய் மூன்றும் பெரிய பெயர்கள். மூளை நரம்பும் மனநலமும், இதயம், புற்றுநோய் என்று தனித்தனித் துறைகள். ஸ்பெஷாலிட்டி எலெக்டிவாகப் போகலாம். பொது மருத்துவம் கற்றுக்கொள்ள அங்கே போகக் கூடாது. எல்லா நோயும் கலந்து வரும் வார்டு வேண்டும்.

அரசுப் பக்கம் விக்டோரியா மருத்துவமனை. கே.ஆர். மார்க்கெட் அருகில் இருக்கிறது, பெங்களூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. சிவாஜிநகரில் பௌரிங் மருத்துவமனை, அதற்கு அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரில் தனிக் கல்லூரி. தனியாரில் கோரமங்களா செயின்ட் ஜான்ஸ், மத்திகெரே பக்கம் ராமய்யா போன்றவை. அரசு மருத்துவமனையில் கேஸ் அதிகம், உங்கள் கைக்கு வேலையும் அதிகம். தனியாரில் கேஸ் குறைவு, ஆனால் ஒவ்வொரு கேஸையும் உட்கார்ந்து பேச ஆள் கிடைக்கும். 15 நாள்தான் என்பதால் என் ஓட்டு கேஸ் அதிகமுள்ள இடத்துக்கே. பேச்சை ஊருக்குத் திரும்பியும் கேட்டுக்கொள்ளலாம்.

எங்கே போனாலும் பொது மருத்துவத் துறை பல யூனிட்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் ஒரு நாள் அட்மிஷன் டே. புது கேஸ், ஹிஸ்டரி, முதல் பரிசோதனை எல்லாம் அன்றைக்குத்தான். மற்ற நாட்களில் நீங்கள் பார்ப்பது வேறொருவர் எழுதி முடித்த கேஸ் ஷீட். அதனால் கணக்கு இப்படி: யூனிட்டின் அட்மிஷன் டே செவ்வாய் என்றால், திங்கட்கிழமை தொடங்கும் 15 நாளில் உங்களுக்கு இரண்டு செவ்வாய் கிடைக்கும். செவ்வாயன்றே தொடங்கினால் 1, 8, 15ஆம் நாட்கள் என்று மூன்று. திங்களன்று போய் ஐ.டி. கார்டு, பதிவு வேலையெல்லாம் முடித்துவிட்டு, எலெக்டிவ் தேதியைச் செவ்வாயிலிருந்து போடச் சொல்லுங்கள். கடிதம் எழுதும்போதே துறை அலுவலகத்தில் அட்மிஷன் டே என்றைக்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டியது இதற்காகத்தான்.

4. கடிதமும் இணைப்பும்

கடிதம் பொது மருத்துவத் துறைத் தலைவருக்கு, நகல் டீன் அல்லது டைரக்டர் அலுவலகத்துக்கு. நீங்களே நேரடியாக எழுதிய மெயிலைவிட உங்கள் டீன் வழியாக, கல்லூரி லெட்டர்ஹெட்டில் போகும் கடிதம் சீக்கிரம் நகரும். ஒரு பக்கம் போதும். யார், எந்த ஆண்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எதைக் கற்க விரும்புகிறீர்கள், இரண்டாவது விருப்பத் தேதி எது. "உங்கள் உலகப்புகழ் நிறுவனத்தில்" என்று ஆரம்பிக்கும் பத்தியை யாரும் படிப்பதில்லை. தேதியைத்தான் முதலில் தேடுவார்கள்.

இணைக்க வேண்டியவை: போனஃபைட் சான்றிதழ், டீன் கையெழுத்திட்ட ஆட்சேபணையின்மைச் சான்று, உங்கள் துறைத் தலைவரின் பரிந்துரை, முதல் இரண்டு புரொஃபஷனல் மார்க் ஷீட், தடுப்பூசிச் சான்று, கல்லூரி ஐ.டி., ஆதார், ஒரு பக்க பயோடேட்டா. எல்லாவற்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் தேதியும் வைத்து அனுப்புங்கள். பன்னிரண்டு இணைப்பாக அனுப்பினால் பன்னிரண்டில் ஒன்று காணாமல் போகும், அது எப்போதும் ஆட்சேபணையின்மைச் சான்றாகவே இருக்கும்.

அந்தச் சான்றில் தேதிகள் தெளிவாக இருக்க வேண்டும். "எலெக்டிவ் காலத்துக்கு" என்று மொட்டையாக எழுதியிருந்தால் அங்கே திருப்பி அனுப்புவார்கள். தேதி மாறினால் சான்றும் புதிதாக வாங்க வேண்டும். மெயில் அனுப்பிப் பத்து நாளில் பதில் இல்லையென்றால் துறை அலுவலகத்துக்குப் போன் செய்யலாம், ஓ.பி. முடிந்த பிறகு, பிற்பகல் 2 மணிக்கு மேல். காலையில் அடித்தால் எடுப்பவருக்கும் எரிச்சல், உங்களுக்கும் பதில் கிடைக்காது.

ஒரிஜினல்களைக் கையில் கொண்டுபோங்கள். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ குறைந்தது எட்டு வேண்டும்.

5. பணம்

எலெக்டிவ் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒப்புதல் கடிதத்தில் எழுதியிருக்கும் தொகையை மட்டும், அதில் சொல்லியிருக்கும் வழியில் மட்டும் கட்டுங்கள். யாருடைய சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கும் அனுப்பாதீர்கள். டிமாண்ட் டிராஃப்ட் கேட்டால், யார் பெயரில், எங்கே செல்லத்தக்கது என்பதை எழுத்துப் பிசகாமல் கேட்டு எடுங்கள். டி.டி. மூன்று மாதம்தான் செல்லும். தேதி தள்ளிப்போகலாம் என்ற நிலையில் அவசரப்பட்டு எடுத்தால், ரத்து செய்து புதிதாக எடுக்கும் அலைச்சல் உங்கள் தலையில்.

ஒப்புதல் கிடைத்தவுடன் ரத்து விதியையும் கேளுங்கள். பார்ட் ஒன் தேர்வு தள்ளிப்போவது நடக்கக்கூடியதுதான். பணம் திரும்ப வராது என்றால், தேதி மாற்றித் தருவார்களா என்றாவது தெரிய வேண்டும்.

6. தங்குமிடமும் போக்குவரத்தும்

முதலில் மருத்துவமனை ஹாஸ்டலில் கேளுங்கள். இல்லையென்றால் பேயிங் கெஸ்ட் விடுதியில் இருவர் அறை, சாப்பாட்டோடு மாதம் சுமார் 8,000 முதல் 12,000 ரூபாய் வரை ஆகும். 15 நாளுக்குப் பாதி வாடகைதானே என்று கணக்குப் போடாதீர்கள். பலர் முழு மாதம் கேட்பார்கள், அட்வான்ஸிலிருந்து மெயின்டெனன்ஸ் என்று ஒரு தொகையைப் பிடிப்பார்கள். நாள் வாடகை உண்டா, எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொண்டு பணம் அனுப்புங்கள்.

மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள். அட்மிஷன் டே ராத்திரி பத்து மணிக்கு முடியும்போது இதன் அருமை தெரியும். செயின்ட் ஜான்ஸ் என்றால் மடிவாளா, ஈஜிபுரா. தமிழ்நாட்டுப் பஸ்கள் பலவும் மடிவாளா வழியாகத்தான் வரும். பௌரிங் என்றால் சிவாஜிநகர், ஹலசூர் பக்கம், தமிழ்க் குடும்பங்கள் நிறைய, மெஸ் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. விக்டோரியா என்றால் சாம்ராஜ்பேட்டை, பசவனகுடி. தள்ளித் தங்க நேர்ந்தால் பச்சை வழி மெட்ரோவில் கே.ஆர். மார்க்கெட் நிலையம். 2025 பிப்ரவரியில் மெட்ரோ டிக்கெட் 10 முதல் 90 ரூபாய் வரை என்று உயர்ந்தது.

பெண்களுக்கு பஸ் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சக்தி திட்டம் கர்நாடக முகவரி உள்ளவர்களுக்குத்தான். தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிடுவார்.

7. கன்னடம்

வார்டில் தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் ஓடும். ஆனாலும் கிராமத்திலிருந்து வரும் நோயாளியிடம் ஹிஸ்டரி எடுக்கப் பத்துச் சொல்லாவது வேண்டும். "ஏனு தொந்தரெ?" என்று ஆரம்பித்து "எஷ்டு தினதிந்த?" என்று நாள் கணக்கு கேட்டால் பாதி வந்துவிடும். ஜ்வர என்றால் காய்ச்சல், கெம்மு இருமல், சுஸ்து அசதி, தலெசுத்து கிறுகிறுப்பு, எதெ நோவு நெஞ்சுவலி, ஹொட்டெ நோவு வயிற்றுவலி, சக்கரெ காயிலெ சர்க்கரை நோய். நெஞ்சில் ஸ்டெத் வைக்கும்போது "நிதானவாகி உசிராடி". வயதானவர்களை அஜ்ஜி, தாத்தா என்றும் மற்றவர்களை அக்கா, அண்ணா என்றும் கூப்பிட்டால் கேட்காத விவரமும் வரும்.

புரியாததைப் புரிந்த மாதிரி கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள். மொழிபெயர்க்க நர்ஸ் அக்காவைக் கூப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

8. வார்டில்

பையில் ஸ்டெத், டார்ச், இன்ச் டேப், நீ-ஹேமர், பஞ்சு, 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க். 512 ஹெர்ட்ஸ் கொண்டுபோய் அதிர்வு உணர்வு பார்ப்பவர்கள் உண்டு. அது காது கேட்கும் சோதனைக்கு. உங்கள் பெயர் எழுதிய வெள்ளைக் கோட்டு, மூடிய ஷூ.

ரவுண்ட்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் உங்களுக்கு ஒதுக்கிய இரண்டு அல்லது மூன்று படுக்கையை மட்டும் முழுசாகப் பாருங்கள். முப்பது படுக்கையையும் சுற்றி வந்தால் ஒன்றும் நிற்காது. முதல் நாளே பி.ஜி.யிடம் "எந்த பெட் என்னுடையது?" என்று கேட்டுவிட வேண்டும். சீஃப் (யூனிட் தலைவர்) கேட்பதற்கு முன் பி.ஜி. உங்களிடம் கேட்பார். அவர் நம்பினால்தான் உங்கள் கைக்கு வேலை வரும்.

எலெக்டிவ் மாணவர் பெயர் வாங்குவது பெரிய டயக்னோசிஸால் அல்ல, யாரும் மெனக்கெடாத சின்ன வேலையால். இரண்டு சொல்கிறேன்.

படுத்தும் நின்றும் பி.பி. பார்ப்பது. கிறுகிறுப்பு, விழுந்தார், பேதி என்று வந்த ஒவ்வொருவருக்கும் இது வேண்டும், பெரும்பாலும் கேஸ் ஷீட்டில் இருக்காது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு. எழுந்து நின்ற ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் மறு அளவு. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய குறைவு. உட்கார வைத்து எடுத்தால் குறைவு தெரியாமல் போகலாம். கூடவே நாடித்துடிப்பையும் எழுதுங்கள். பி.பி. இறங்கியும் துடிப்பு ஏறவில்லையென்றால் தானியங்கி நரம்பில் கோளாறு இருக்கலாம். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளிடம் இதைப் பார்க்கலாம். நிற்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும், விழுந்தால் பிடிக்க.

இன்னொன்று, மழைக்காலக் காய்ச்சலில் எஸ்கார் தேடுவது. தட்டணு குறைந்திருக்கும், டெங்கு என்று எழுதியிருப்பார்கள், டெங்கு டெஸ்ட் நெகடிவ் என்று வரும். ஸ்க்ரப் டைஃபஸாக (சிறு உண்ணிக் கடியால் வரும் காய்ச்சல்) இருந்தால் சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு எங்கோ இருக்கலாம், அதுதான் எஸ்கார். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால், மார்பகத்துக்கு அடியில், பாவாடை நாடா இறுகும் இடுப்பு. சட்டையைக் கழற்றாமல் பார்த்தால் கிடைக்காது. திரை இழுத்து, பெண் நோயாளி என்றால் நர்ஸை உடன் வைத்துக்கொண்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். கிடைத்தால் அன்றைக்கே டாக்ஸிசைக்ளின் ஆரம்பிப்பார்கள். கிடைக்காவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை, எல்லோருக்கும் எஸ்கார் வராது.

செய்யக் கூடாதவை: மருந்துச் சீட்டு எழுதுவது, டிஸ்சார்ஜில் கையெழுத்திடுவது, சம்மதப் படிவம் வாங்குவது, உறவினரிடம் "கேன்சர் மாதிரி தெரியுது" என்று நீங்களாகச் சொல்வது. எக்ஸ்ரேயைப் போனில் படமெடுத்து பேட்ச் குரூப்பில் போடுவதும் இதில் சேரும். பெயர் மறைத்தாலும் அனுமதி இல்லாமல் வேண்டாம்.

9. ஊசி குத்திவிட்டால்

ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், ஸ்பிரிட்டும் டெட்டாலும் வேண்டாம். உடனே டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று மறைப்பதுதான் ஆபத்து. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது உத்தமம், 72 மணி நேரம் தாண்டினால் பலனில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும், அதாவது எலெக்டிவ் முடிந்து ஊருக்கு வந்த பிறகும். அதனால் சம்பவ அறிக்கையின் நகலையும் அன்றைய ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுபரிசோதனை உங்கள் கல்லூரியில் நடக்கும்போது தேவைப்படும். வெளி மாணவருக்கு மருந்தும் பரிசோதனையும் இலவசமா, யார் பொறுப்பு என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

10. லாக்புக், சான்றிதழ்

லாக்புக்கை அன்றன்றைக்கு எழுதி அன்றன்றைக்குக் கையெழுத்து வாங்குங்கள். தேதி, நோயாளியின் பெயருக்குப் பதில் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணின் கடைசி சில இலக்கங்கள், முக்கியக் கண்டுபிடிப்பு, நீங்கள் பார்த்ததா, உதவியதா, கண்காணிப்பில் செய்ததா, என்ன கற்றீர்கள் என்று இரண்டு வரி. "நிமோனியா கேஸ் பார்த்தேன்" என்பது பதிவல்ல. வலது கீழ்ப்பகுதியில் பிராங்கியல் பிரெத்திங் கேட்டது, எக்ஸ்ரேயோடு பொருந்தியது என்று எழுதினால் உங்கள் ஊர்ப் பேராசிரியர் கேள்வி கேட்க மாட்டார், கேட்டாலும் பதில் இருக்கும்.

கடைசி நாளில் எல்லாக் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால், அன்று பேராசிரியர் வெளியூர்த் தேர்வுப் பணியில் இருப்பார். பி.ஜி. கையெழுத்து பெரும்பாலும் செல்லாது. மேற்பார்வையாளராகக் குறிப்பிட்ட ஆசிரியரின் கையெழுத்து, பெயர், பதவி, துறை முத்திரை நான்கும் வேண்டும்.

12ஆம் நாளே சான்றிதழுக்கு மனு கொடுத்துவிடுங்கள். அலுவலகத்தில் டைப் ஆகி, எச்.ஓ.டி.யிடம் போய், டீன் முத்திரை வாங்கி வர இரண்டு மூன்று வேலைநாள் ஆகும். வாங்கியவுடன் மூன்றைச் சரிபாருங்கள்: பெயர் எழுத்து மார்க் ஷீட்டில் உள்ள மாதிரியே இருக்கிறதா, தொடக்க முடிவுத் தேதிகள் ஒப்புதல் கடிதத்தோடு ஒத்துப்போகிறதா, எத்தனை நாள் வந்தீர்கள் என்ற வருகை எண்ணிக்கை இருக்கிறதா. பிழையை அங்கேயே திருத்த அரை மணி நேரம் போதும். சேலத்துக்கோ மதுரைக்கோ வந்த பிறகு கண்டுபிடித்தால் இன்னொரு பஸ் டிக்கெட். ஐ.டி. கார்டையும் நூலக அட்டையையும் ஒப்படைத்து ரசீது வாங்கினால்தான் காப்புத்தொகை திரும்ப வரும், அந்தக் கவுன்டர் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.